சீனாவில் வேலைக்குச் சேர்ந்ததும் சீனப் பெயர் கேட்கிறார்களா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு. ஷென்சென் ஆபீஸில் ஹெச்ஆர் சீனப் பெயர் கேட்கிறார், என்ன வைப்பது? கூட வேலை செய்பவர்களிடம் பெயருக்கு அர்த்தம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? இரண்டாவது புரிந்தால்தான் முதலாவது கைகூடும், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் காதில் விழுந்ததை வைத்து நீங்களாக அகராதியில் தேடாதீர்கள். அர்த்தம் எழுத்தில்தான் இருக்கிறது. ‘ஜிங்’ என்று மூன்று பெண்கள் இருந்தால் ஒருவர் அமைதி, ஒருவர் படிகம், இன்னொருவர் பெய்ஜிங்கில் வரும் ஜிங், அதாவது தலைநகரம். சீனர்களே “எந்த ஜிங்?” என்று கேட்டுத்தான் எழுதுவார்கள். பதிலாக எழுத்தைப் பிட்டுச் சொல்வது வழக்கம். ஜாங் என்ற குடும்பப் பெயர்க்காரர் “கோங் சாங் ஜாங்” என்பார்: இடப்பக்கம் வில், வலப்பக்கம் நீளம். அதே ஒலியுள்ள வேறொரு ஜாங் “லி ஜாவ் ஜாங்”: மேலே நிற்பது, கீழே அதிகாலை. லி என்பவர் “மு ட்சி லி” என்பார்: மேலே மரம், கீழே பிள்ளை.

பெயர் வயதையும் காட்டிக்கொடுக்கும். ஜியான்குவோ (நாட்டைக் கட்டு) என்றால் பெரும்பாலும் 1949ஐ ஒட்டியோ அடுத்த சில வருடங்களிலோ பிறந்தவர். வெய்தோங் என்றால் கிழக்கைக் காப்பவன். அந்தக் ‘கிழக்கு’ மாவோ சேதுங் பெயரின் கடைசி எழுத்து, 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் முத்திரை. மாவோவின் தம்பிகள் சேமின், சேதான். மூவருக்கும் பொதுவான ‘சே’ தலைமுறை எழுத்து, அந்தத் தலைமுறை ஆண்களுக்கு வம்சம் முன்கூட்டியே குறித்து வைத்தது. இப்போது நகரங்களில் இந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. ஜாதகம் பார்த்து வைப்பது மட்டும் தேயவில்லை. ஐம்பூதங்களில் எது குறைகிறதோ அதைப் பெயரில் நிரப்புவார்கள். பொன் குறைந்தால் ‘ஷின்’, அதில் பொன் என்ற எழுத்தே மூன்று முறை அடுக்கியிருக்கும். நீர் குறைந்தால் ‘மியாவ்’, மூன்று நீர். அவர்களுடைய ஐந்து மரம், நெருப்பு, மண், பொன் (அதாவது உலோகம்), நீர். நம் பஞ்சபூதக் கணக்கு அங்கே செல்லாது.

ஒரு பெயருக்கு மட்டும் அர்த்தம் கேட்காமல் விடுங்கள்: ‘ஜாவ்தி’. “தம்பியை அழைத்து வா” என்று பொருள். நம் ஊர் ‘போதும்பொண்ணு’வின் அக்காள் முறை. பலர் வளர்ந்ததும் மாற்றிக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் பெயர். குடும்பப் பெயர் முதலில், ஓர் எழுத்து. பிறகு இடுபெயர், ஒன்று அல்லது இரண்டு எழுத்து. மொத்தம் மூன்றைத் தாண்டினால் செய்தித்தாளில் வரும் வெளிநாட்டு மந்திரி பெயர் போலிருக்கும். உங்கள் பெயரின் ஒலியிலிருந்தே தொடங்குங்கள். லிங்கம் என்றால் லின் காங்: லின் காடு, காங் உறுதி, உள்ளூர்க்காரர் பெயராகவே கேட்கும். அன்பு என்றால் ஆன் போ: அமைதி, பரந்த அறிவு. மாலினி என்றால் மா லி, ஆனால் அழகு என்ற அந்த ‘லி’ கொஞ்சம் பழைய தலைமுறை. மலர் என்று பொருள் பார்த்து ‘ஹுவா’ வைத்தால் பட்டிக்காட்டு வாடை அடிக்கும்.

பிறகு சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு சீன நண்பரிடம். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். ‘தே’ என்றால் நற்பண்பு, அருமையான எழுத்து. அதன் முன்னால் ‘வூ’ என்ற குடும்பப் பெயர் வந்தால் “பண்பு இல்லாதவன்” என்று காதில் விழும். ‘வெய்’ மகத்தானது, ஆனால் யாங் வெய் என்றால் ஆண்மைக்குறைவுக்கான சொல்லோடு மோதும். லி ஷியாவ்லோங் வேண்டவே வேண்டாம், அது புரூஸ் லீ.

மேலாளரின் இடுபெயரில் உள்ள எழுத்தையும் தவிருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கு மரியாதை, அவர்களுக்கு நேர்மாறு. காங்ஷி பேரரசரின் பெயர் ஷுவான்யே என்பதால் பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசலான ஷுவான்வு வாசலையே ஷென்வு என்று மாற்றினார்கள்.

அபூர்வ எழுத்தும் ஆகாது. 2013இல் அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அதற்கு வெளியே போனால் கணினியில் தட்டவே திண்டாட வேண்டும்.

இந்தப் பெயர் விசிட்டிங் கார்டுக்கும் வீசாட் என்ற அரட்டைச் செயலிக்கும் மட்டும். வொர்க் பெர்மிட், வங்கி, ரயில் டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது அங்கே: சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் நிற்கும். வங்கியில் எந்த வரிசையில், எங்கே இடைவெளி விட்டுத் தட்டினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் ‘வீசாட் பே’ (WeChat Pay) வசதியில் அப்படியே போடாவிட்டால் சரிபார்ப்பு தோற்றுவிடும். டிகிரி சான்றிதழை மொழிபெயர்க்கும்போது உங்கள் பெயருக்குப் போட்ட சீன எழுத்துகளையே மற்ற ஆவணங்களிலும் போடச் சொல்லுங்கள்.

கூப்பிடும் விஷயம்: அவர்களாகச் சொல்லும்வரை வெறும் இடுபெயர் வேண்டாம். மேலாளர் வாங் என்றால் ‘வாங் ட்சோங்’, இன்ஜினியர் லி என்றால் ‘லி கோங்’. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்திருப்பார்கள். கணவர் பெயரைச் சேர்த்து மிஸஸ் என்று மெயில் எழுதிவிடாதீர்கள்.