சொலிசிட்டர் பில் மட்டும் ஏறுகிறதா? எழுத்தில் கேளுங்கள்

அப்பா இங்கிலாந்தில் தவறி இரண்டு வருடமாகியும் பங்கு வரவில்லை, உயிலில் நிறைவேற்றுநராக, அதாவது சொத்தைப் பிரித்துத் தரும் பொறுப்பாளராக இருக்கும் சொலிசிட்டரின் (வழக்கறிஞரின்) பில் மட்டும் ஏறுகிறது என்கிறீர்கள். படிக்கவே வேதனையாக இருந்தது. இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை பிரித்துத் தரும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்களுக்கு அது தாண்டிவிட்டது.

அடிக்கடி போன் செய்யாதீர்கள். மணிக்கணக்கில் கட்டணம் என்றால், பெரும்பாலும் ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு ஏறும். என் சித்தப்பா சொத்து விஷயத்தில் ‘மின்னஞ்சல் படித்தது’ என்றே பில்லில் வரிசையாக இருந்தது.

என்ன வேலை பாக்கி, எஸ்டேட் கணக்கு (அப்பா விட்டுச்சென்ற சொத்தின் வரவு செலவு), நேரவாரி விவரம் மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். தலைப்பிலேயே ‘புகார்’ என்று போடுங்கள். புகாரைக் கவனித்த நேரத்துக்கு அவர்கள் கட்டணம் வாங்கக்கூடாது. எட்டு வாரத்தில் சரியான பதில் இல்லையா, வழக்கறிஞர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போங்கள். அங்கே உங்களுக்குச் செலவில்லை.