விசுவாசியும் நாத்திகரும் ஒரே வீட்டில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். என் மகள் மணக்க விரும்பும் பையன் ஈரோட்டில் பகுத்தறிவாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். பழகிப் பார்த்த வரையில் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கடவுள் பயம் இல்லாதவனுடைய நல்லொழுக்கம் வேரில்லாத செடி என்று உறவினர்கள் எச்சரிக்கிறார்கள். கடவுளை ஏற்காதவரிடம் நிலையான ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் உறவினர்களின் எச்சரிக்கைக்கு முதல் மறுப்பு வேதாகமத்திலேயே இருக்கிறது. நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் வழியாக வந்த கட்டளைகளை, பெறாத புறஜாதியாரும் (யூதர் அல்லாதவர்களும்) சுபாவமாகவே அதன்படி நடப்பதுண்டு என்றும், அவர்களுடைய மனச்சாட்சியே அதற்குச் சாட்சி என்றும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். நன்மையைச் செய்ய வேண்டும், தீமையை விலக்க வேண்டும் என்று அறிவதற்கு மனிதரின் இயல்பான பகுத்தறிவே போதும் என்று 13-ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை விரித்து எழுதினார். சீர்திருத்தச் சபைகள் மனித இயல்பை அந்த அளவுக்கு நம்பவில்லை என்பது உண்மைதான். ஆயினும் விசுவாசம் இல்லாதவர்களிடம் காணப்படும் நேர்மையையும் இரக்கத்தையும் போலி என்று ஒதுக்காமல், எல்லாருக்கும் அருளப்படும் பொதுக் கிருபை என்றே சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வினின் வழிவந்தவர்கள் விளக்கினார்கள். ஆகவே நாத்திகர் ஒருவர் நல்லவராக இருப்பது கிறிஸ்தவ இறையியலுக்கு அதிர்ச்சி தரும் செய்தி அன்று.

நம் வரலாற்றிலிருந்தே ஒரு சான்றைச் சொல்லலாம். 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியபோது, அதை முன்னின்று நடத்திச் சிறை சென்றவர்களில் ஜார்ஜ் ஜோசப்பும் ஒருவர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த சிரியன் கிறிஸ்தவர் அவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியதால் அம்மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். தலைவர்கள் கைதாகிக்கொண்டிருந்த நிலையில் வைக்கத்திலிருந்து சென்ற அழைப்பை ஏற்றுப் போராட்டத்துக்கு வந்தவர் பெரியார். பின்னாளில் கடவுள் மறுப்பின் முகமாகவே தமிழ்நாடு அறிந்த அவரும், இறுதிவரை கிறிஸ்தவராக வாழ்ந்த ஜோசப்பும் ஒரே தெருவின் உரிமைக்காகச் சிறை சென்றார்கள். இது இந்துக்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பிரச்சினை என்று காந்தி ஜோசப்புக்கு எழுதினார்; ஜோசப்போ அதைக் குடிமக்கள் அனைவரின் உரிமைப் பிரச்சினையாகவே பார்த்தார். மனிதனை மனிதன் தெருவில் நடக்க விடாமல் தடுப்பது இழிவு என்று உணர்வதற்கு, இறைவனைப் பற்றிய கருத்தொற்றுமை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அதே சாதியை முன்வைத்து, இரு தரப்புக்கும் உவப்பாக இராத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஞாயிறுதோறும் கேட்கும் சபைகளில், கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்து இடம் பிரித்த ஊர்கள் உண்டு. சாதி ஒழிப்பை மேடையில் முழங்கும் வீடுகளிலும் வரன் தேடும் நேரத்தில் சொந்தச் சாதிக்குள்ளேயே தேடுகிறவர்கள் உண்டு. இந்தத் தோல்வியைச் சுட்டிக்காட்டும்போது நாத்திகர் கிறிஸ்தவரிடம் அவருடைய வேதத்தையே எடுத்துக் காட்டுகிறார். கிறிஸ்தவர் நாத்திகரிடம் அவர் பேசிய சமத்துவத்தையே எடுத்துக் காட்டுகிறார். பொது அறம் என்று நான் கருதுவது இதைத்தான். அடிப்படைகளில் ஒத்துப்போவதைவிட, ஒருவரை மற்றவர் அவருடைய சொந்தச் சொல்லைக் கொண்டே தட்டிக்கேட்க முடிவதும், கேட்கப்பட்டவர் தலைகுனியத் தெரிந்திருப்பதும் பெரிது. உங்கள் மகளும் அந்தப் பையனும் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொள்ளக் கூடியவர்களா என்று கவனியுங்கள்.

அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருங்கள் என்ற 2 கொரிந்தியர் வசனத்தை உங்கள் குருவானவர் எடுத்துக்காட்டக்கூடும். திருமணத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கும் விசுவாசிகளின் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். அது வழிபாட்டையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றிய நியாயமான கவலை. ஆனால் அதே பவுல், அவிசுவாசியான துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம் என்றும் 1 கொரிந்தியர் 7-இல் எழுதியிருக்கிறார். சட்டத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு: தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணச் சட்டத்திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் அடங்குவது என்பதால், மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் அது பொருந்தாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உங்களுக்கு ஏற்றது. முப்பது நாள் முன்னறிவிப்புக் காலம் அதில் உண்டு என்பதைக் கருதித் திட்டமிடுங்கள்.

கேள்வி: நான் நாத்திகன். தொழுநோயாளிகளுக்கும் சிறைக்கைதிகளுக்கும் உதவுகிற கிறிஸ்தவ நண்பர்களை மதிக்கிறேன். ஆனால் பரலோகத்தை எண்ணிச் செய்வது கணக்குப் பார்த்துச் செய்யும் உதவிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியை ஒருமுறை படித்துப் பாருங்கள். பசித்தவருக்கு உணவிட்டு, காவலில் இருந்தவரைப் பார்க்கச் சென்றவர்களை அரசர் பாராட்டும்போது, ‘உமக்கு எப்பொழுது இதைச் செய்தோம்?’ என்று அவர்கள் வியந்து கேட்கிறார்கள். பலனை எண்ணிச் செய்தவர்களுக்கு அந்த வியப்பு வராது. கணக்குப் பார்க்கும் விசுவாசிகள் இல்லையென்று நான் சொல்லவில்லை. நல்ல பெயருக்காகவும் கைதட்டலுக்காகவும் உதவுகிற நாத்திகர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறருடைய நோக்கத்தை எடைபோடுவதில் நாம் யாருமே திறமைசாலிகள் அல்லர்.

1940-களின் பிற்பாதியில் பாரிசில் டொமினிக்கன் என்னும் கத்தோலிக்கத் துறவியரின் மடத்தில் பேச அழைக்கப்பட்ட பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு இந்த எடைபோடுதலைத் தவிர்த்தார். தமக்கு அவர்களுடைய நம்பிக்கை இல்லை என்பதை மறைக்காமல், தம்மைப்போல் மாறுங்கள் என்றும் அவர்களிடம் கேட்காமல், கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களாகவே இருந்து அநீதியைக் கண்டவிடத்து எவருக்கும் ஐயம் எழாதபடி உரக்கப் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டார். குழந்தைகள் வதைபடும் உலகத்தை மாற்றிவிட முடியாமல் போகலாம், ஆனால் வதைபடும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும், அதற்கு நீங்கள் உதவாவிட்டால் வேறு யார் உதவுவார்கள் என்பது அவருடைய வாதம். உங்கள் நண்பர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்த உதவியைத்தான்.

கேள்வி: நாத்திகர்கள் அதிகமுள்ள நாடுகளில் குற்றம் குறைவு என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: அந்த நாடுகள் பெரும்பாலும் செல்வமும் ஒழுங்கான நிர்வாகமும் உள்ளவை என்பதை மறந்துவிடாதீர்கள். நாத்திகத்தை ஆதரித்த சோவியத் அரசும் கொடுமை செய்தது. பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஜெர்மனியும் கொடுமை செய்தது. இந்த வாதத்தால் எந்தப் பக்கத்துக்கும் ஆதாயம் இல்லை.

கேள்வி: தவறு செய்தவரை மன்னிக்க வேண்டும் என்று எங்கள் சபையில் போதிக்கிறார்கள். அது பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கும் அநீதி என்கிறாள், கடவுள் நம்பிக்கை இல்லாத என் தோழி. யார் சொல்வது சரி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இரு தரப்பும் உண்மையிலேயே விலகி நிற்கும் இடம் இது. ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று நாள்தோறும் ஜெபிக்கிற கிறிஸ்தவருக்கு, தாம் மன்னிக்கப்பட்டவர் என்பதே பிறரை மன்னிப்பதற்கான காரணம். அந்தக் காரணம் உங்கள் தோழியிடம் இல்லை. தவற்றை ஒப்புக்கொள்வதும் இழப்பை ஈடுசெய்வதும் முதலில் நடக்கட்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்ட பிறகு, அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அறிவித்துத் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். நம்பிக்கை இல்லாதவர்களும் அதைக் கண்டு நெகிழ்ந்தார்கள். ஆனால் அங்கே மன்னித்தவர் பாதிக்கப்பட்டவரே. அந்த மன்னிப்பு சட்டத்தின் கையைப் பிடித்து நிறுத்தவுமில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதற்கு மாறாக, அடிபட்ட பெண்ணிடமும் துன்புறுத்தப்பட்ட பிள்ளையிடமும் மற்றவர்கள் கூடி ‘மன்னித்துவிடு’ என்று வற்புறுத்துவது, பெரும்பாலும் குடும்பத்தின் மானத்தையோ நிறுவனத்தின் பெயரையோ காப்பதற்காகவே. அந்த இடத்தில் உங்கள் தோழியின் எச்சரிக்கைக்குச் சபை செவிசாய்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பதவியேற்பில் சிலர் ‘கடவுள் ஆணையாக’ என்றும், சிலர் ‘உளமார’ என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவில் நம்பலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: நம்பலாம். இரண்டாவது வழியைத் திறந்தவர்கள் கிறிஸ்தவர்களே என்பதுதான் இதில் சுவையான செய்தி. சத்தியமே பண்ண வேண்டாம் என்ற மலைப்பிரசங்கத்தின் கட்டளையை நேர்பொருளில் எடுத்துக்கொண்ட குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் ஆணையிட மறுத்துச் சிறைக்கும் இழப்புக்கும் ஆளான பிறகு, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சட்டம் அவர்களுக்கு உறுதிமொழி கூற இடமளித்தது. 1880-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான நாத்திகர் சார்லஸ் பிராட்லா அதே வகை உரிமையைக் கேட்டபோது அவை மறுத்தது. மீண்டும் மீண்டும் தேர்தலில் வென்று, 1886-இல்தான் அவரால் இருக்கையில் அமர முடிந்தது. அவருடைய முயற்சியால் நிறைவேறிய 1888-ஆம் ஆண்டின் சட்டம், மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அந்த வழியை உறுதி செய்தது. நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் பிறகு வரும் கடமைகளில் ஒரு சொல்லும் மாறுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் ஆணைமொழிகள் சட்டப்படி நீதிமன்றத்திலும் இதே நிலைதான்: சாட்சி எந்த வழியில் உறுதி கூறியிருந்தாலும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர், பொய்ச்சாட்சி சொன்னால் தண்டனைக்கு உரியவர்.