கழுத்தில் தொடங்கும் குரோஷா ஸ்வெட்டர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கழுத்தில் செயின் (கொக்கி ஊசியால் சங்கிலி போலக் கோக்கும் வளையங்கள்) போட்டு ஆரம்பித்து, தோள், மார்பு, இடுப்பு என்று இறங்கி, கைகளைக் கடைசியில் போட்டு முடிக்கிற மெல்லிய காட்டன் ஸ்வெட்டர் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நான் டபுள் குரோஷா என்று சொல்வது அமெரிக்க முறையில். ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போடுவது. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதன் பெயர் ட்ரெபிள்; அங்கே டபுள் என்றால் நம்முடைய சிங்கிள், அதாவது நூலைச் சுற்றாமல் போடும் குட்டைக் கண்ணி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஸ்வெட்டர் பாதி உயரத்தில் நின்றுவிடும்.

அக்கா, ஆபீஸ் ஏசியில் குளிர் தாங்கவில்லை, வெளியே வந்தால் வெயில். கம்பளி வேண்டாம். என்ன நூல், எவ்வளவு வாங்கட்டும்? (சென்னை)

காட்டன் வாங்குங்கள். கடையில் 4 பிளை என்று கேட்டால் தருவார்கள், ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிளை என்பது எத்தனை இழையை முறுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். ஒவ்வொரு இழையும் தடிமனாக இருந்தால் 4 பிளையும் கயிறு மாதிரி இருக்கும். லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 350 முதல் 400 மீட்டர் இருந்தால் நமக்குச் சரி. ஊசி 3.5 மி.மீ.

மார்பு 36 இன்ச், முக்கால் கை என்றால் 1200 முதல் 1400 மீட்டர் வரை போகும். ஒரே லாட் நம்பரில் ஒரு உருண்டை கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்கும், அதே சாயம் கிடைக்காது. கை மட்டும் வேறு நிழலில் தெரியும்.

தடித்த 8 பிளை காட்டன் சீக்கிரம் முடியும் என்று ஆசை காட்டும். வேண்டாம். காட்டனுக்குக் கம்பளி போல மீளும் குணம் கிடையாது, எடையும் அதிகம். அரைக் கிலோவைத் தாண்டியதும் சொந்தப் பாரத்திலேயே தொங்க ஆரம்பிக்கும். மாலையில் கழற்றும்போது தொடை வரை வந்திருக்கும்.

எங்கள் ஊரில் பனியன் நூல் கோனாகக் கிடைக்கிறது. அதில் போடலாமா? (திருப்பூர்)

தாராளமாக, இழைகளைச் சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெலியும் என்பது உங்களுக்கே தெரியும். 20 கவுண்ட் நூலில் ஒன்பது இழை சேர்த்தால் நான் மேலே சொன்ன தடிமன் வரும். 30 கவுண்ட் என்றால் பதின்மூன்று இழை. ஒன்பது கோனைத் தரையில் நிறுத்தி இழுத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் யாரிடமாவது கொடுத்துச் சேர்த்துச் சுற்றி வாங்கிவிடுங்கள். முறுக்கேற்றாமல் சேர்த்த நூலில் ஊசி ஒரு இழையை விட்டுவிட்டுப் போகும். முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் துணி அவ்வளவு மெத்தென்று விழும், கடை உருண்டையில் அது வராது.

பேட்டர்ன் இல்லாமல் என் அளவுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? மார்பு 36, மேல்கை 12. (பெங்களூர்)

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 6 இன்ச் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். அதைத் துவைத்துக் காயவைத்து, நடுவில் 4 இன்ச் அளந்து எண்ணுங்கள். துவைக்காமல் அளந்தால் அந்த அளவு பொய். என் கைக்கு இந்த நூலில் இன்ச்சுக்கு 5 கண்ணி (ஸ்டிச்), இரண்டரைச் சுற்று வருகிறது. உங்களுக்கு நாலரைக் கண்ணி வரலாம், தப்பில்லை. கீழே 5 வரும் இடத்தில் எல்லாம் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்பு 36, லூஸ் 4, ஆக 40 இன்ச். 40 × 5 = 200 கண்ணி. உடம்புப் பகுதி சேரும்போது இந்த 200 நம் கையில் இருக்க வேண்டும். இரண்டு அக்குளுக்கும் பத்துப் பத்துச் செயின் ஒதுக்கினால் மீதி 180. முன்னால் 90, பின்னால் 90.

இப்போது கழுத்து. தலை நுழைய 22 இன்ச், அதாவது 110 செயின். முன்பக்கம் 36, பின்பக்கம் 36, கை ஒவ்வொன்றுக்கும் 15, நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு. கூட்டிப் பாருங்கள், 110 வரும். இந்த நான்கு மூலையில்தான் எல்லாம் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூலையில் ஒரு டபுள், 2 செயின், மறுபடி ஒரு டபுள். அப்போது ஒவ்வொரு பகுதியும் சுற்றுக்கு 2 கண்ணி பெருகும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 36-ஐ 90 ஆக்க 54 கண்ணி கூட வேண்டும். சுற்றுக்கு 2 என்றால் 27 சுற்று, கிட்டத்தட்ட 11 இன்ச். உங்கள் தோளிலிருந்து அக்குள் 9 இன்ச்தான் இருக்கும். அப்படியே போட்டால் அக்குள் இடுப்புப் பக்கம் இறங்கி, கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் மொத்தமும் மேலே ஏறும். அதற்காக எல்லாப் பக்கமும் வேகமாகப் பெருக்கினால் கை பலூனாகிவிடும். வழி என்னவென்றால், முதல் 5 சுற்றுக்கு மூலையில் உடம்புப் பக்கம் மட்டும் இரண்டு டபுள், கைப் பக்கம் ஒன்று. அந்த ஐந்து சுற்றில் முன்னும் பின்னும் 20 கூடும், மீதி 17 சுற்றில் 34. மொத்தம் 54. 22 சுற்றில் 90 வந்துவிடும், ஆழமும் ஒன்பது இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. கையோ 15 உடன் 44 சேர்ந்து 59, அக்குள் செயின் பத்தும் சேர்த்து 69. அதாவது 14 இன்ச்சுக்கு ஒரு கண்ணி குறைவு. 12 இன்ச் மேல்கைக்கு அளவான லூஸ்.

மார்பு 44, 46 என்று கேட்டவர்களுக்கும் இதேதான் பதில். மார்பு கூடும் அளவுக்குக் கை கூடுவதில்லை. உடம்புப் பக்கம் மட்டும் பெருக்கும் சுற்றுகளை ஐந்திலிருந்து எட்டு, பத்து என்று கூட்டுங்கள், அக்குள் செயினையும் பதினைந்தாக்குங்கள்.

22 சுற்று முடிந்ததும், 59 கண்ணியைத் தாண்டி 10 செயின் போட்டு முன்னையும் பின்னையும் இணைத்து ஒரு சுற்று போய், ஊசியை எடுத்துவிட்டுத் தலை வழியாக மாட்டிப் பாருங்கள். பிரிப்பதாக இருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள்.

கழுத்து இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணிக்கை சரிதான். (நாகர்கோவில்)

செயினை இறுக்கிப் போட்டிருக்கிறீர்கள். ஆரம்பச் செயினுக்கு மட்டும் 4 மி.மீ. ஊசி எடுங்கள், பிறகு 3.5-க்கு மாறுங்கள். ஏற்கெனவே முடித்துவிட்டதென்றால், ஆரம்பச் செயினைக் கவனமாக வெட்டிப் பிரித்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் தளர்வாக ஒரு சிங்கிள் சுற்று போட்டுவிடலாம். பொறுமை வேண்டும்.

சுற்றுச் சுற்றாகப் போகும்போது இணைப்புக் கோடு வலப்பக்கம் சாய்கிறதே? (மதுரை)

கண்ணி கீழ்ச் சுற்றின் கண்ணிக்கு நேர் மேலே உட்காருவதில்லை, கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். அதனால் ஒரே திசையில் சுற்றினால் சாயத்தான் செய்யும். ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிச்சில் (நூலை நேராக இழுத்துக் கோக்கும் உயரமில்லாத கண்ணி) இணைத்ததும் துணியைத் திருப்பிக்கொண்டு எதிர்த் திசையில் போங்கள். கோடு நேராக நிற்கும். கைக்கும் அப்படியே திருப்பித் திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் உடம்பில் ஒரு வகைத் துணி, கையில் வேறு வகை என்று தெரியும்.

அக்குளில் இரண்டு பக்கமும் ஓட்டை விழுகிறது. (யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் விழும். அக்குள் செயின் முடிந்து கையின் கண்ணிகள் ஆரம்பிக்கிற மடிப்பில் ஒரு கூடுதல் கண்ணி எடுங்கள், இரண்டு பக்கமும். அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள். அப்படியும் மிஞ்சினால் நூல் முனையை மறைக்கும்போது அந்த இடத்தில் இரண்டு தையல். புது நூலை அக்குளின் நடுவில் இணைப்பதே இதற்காகத்தான், முனை கையோடு இருக்கும்.

கையை விருப்பப்படி மாற்றலாம் என்கிறீர்கள். எப்படியெல்லாம்? (கோவை, சேலம், சிங்கப்பூர், இன்னும் பலர்)

69 கண்ணியில் நிற்கிறோம். அரைக் கைக்கு இங்கிருந்து பத்துச் சுற்று, அக்குளில் இரண்டு தடவை குறைத்தால் போதும், பார்டர் போட்டு முடிக்கலாம்.

முழுக் கை என்றால், மணிக்கட்டில் 43 கண்ணி வைத்துக்கொள்வோம், எட்டரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். அதைவிடச் சிறிதாக்கினால் மணிக்கட்டுக்குப் பொருந்தும், விரல்முட்டி நுழையாது. 69-லிருந்து 26 குறைய வேண்டும். ஒரு தடவைக்கு அக்குளின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று 13 தடவை. கை நீளம் 17 இன்ச், 42 சுற்று. ஆக மூன்று சுற்றுக்கு ஒரு முறை குறைத்தால் 39-ல் முடிந்துவிடும், கடைசி மூன்று சுற்று சும்மா. முக்கால் கைக்கும் இதே வேகம், நடுவில் நிறுத்திவிடுங்கள்.

பஃப் கை எனக்குப் பிடிக்கும். முதல் சுற்றில் தோள் பக்கம் உள்ள 40 கண்ணியில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டிரண்டு போடுங்கள், 20 கூடி 89 ஆகும். ஆறு இன்ச் வரை அப்படியே போய், ஒரே சுற்றில் ‘இரண்டு சேர்த்து ஒன்று, அடுத்தது தனி’ என்று குறையுங்கள். கடைசி இரண்டைத் தனித்தனியாக விட்டால் 60 நிற்கும், சரியாக 12 இன்ச். அதன்மேல் மூன்று சுற்று சிங்கிள்.

மணிக் கை, அதாவது கீழே மணி போல விரியும் கை, படத்தில் அழகாக இருக்கும், காட்டனில் கனக்கும், சாம்பாரிலும் தோயும். போட்டே ஆக வேண்டும் என்றால் முழங்கைக்குக் கீழே செயின் அதிகமுள்ள வலைப்பின்னல் டிசைனாக எடுங்கள்.

இன்னொன்று: கை சிறிய சுற்று என்பதால் நம்மை அறியாமல் இறுக்கிப் போடுவோம். நான்கு சுற்று போனதும் அளந்து பாருங்கள், இறுகியிருந்தால் 4 மி.மீ. ஊசி. இரண்டு உருண்டை வைத்துக்கொண்டு இடக்கையில் பத்துச் சுற்று, வலக்கையில் பத்துச் சுற்று என்று மாற்றி மாற்றிப் போனால் இரண்டும் ஒரே நீளத்தில் முடியும்.

அம்மாவுக்கு மார்பில் அறுவை சிகிச்சை ஆனபிறகு இடது கை வீங்கியே இருக்கிறது. கடை உடை எதுவும் அந்தக் கையில் நுழைவதில்லை. இதை அவருக்குப் போடலாமா? (திருச்சி)

அவருக்கு இந்த முறைதான் வசதி, இரண்டு கையும் ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. இரு கைகளையும் மேல்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு என நான்கு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். வீக்கம் சாயங்காலம் கூடும், அதனால் அப்போது அளங்கள். டாக்டர் இறுக்கமான கையுறை கொடுத்திருந்தால் அதை மாட்டிய பிறகு.

இடது மேல்கை 14 இன்ச் என்று வையுங்கள். லூஸ் 3 சேர்த்து 17, அதாவது 85 கண்ணி. நம்மிடம் 69தான் உண்டு. அந்தப் பக்கம் அக்குள் செயினைப் பத்துக்குப் பதில் பதினாறாக்குங்கள், 75 ஆயிற்று. உடம்பு அந்தப் பக்கம் ஒரு இன்ச் தளரும், வெளியே தெரியாது. மீதிப் பத்தை முதல் 5 சுற்றில் அக்குளில் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். அப்புறம் அந்தக் கையின் அளவுப்படி குறைத்துப் போங்கள். மணிக்கட்டில் எலாஸ்டிக் வேண்டாம், இறுக்கமான பார்டரும் வேண்டாம். கையை உயர்த்தக் கஷ்டப்படுவார் என்றால் முன்பக்கம் திறந்த மாதிரியே போட்டுவிடுங்கள், கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

டொராண்டோ குளிருக்கு இது தாங்குமா?

தாங்காது மா. மேலே கோட், உள்ளே இது என்றால் சரி. இதே கணக்கில் மெல்லிய மெரினோ கம்பளியில் போடுங்கள், மாதிரித் துண்டை மட்டும் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

கருஞ்சிவப்பு நூல் சாயம் விடுமா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா? (ஈரோடு)

மாதிரித் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள், உடனே தெரிந்துவிடும். உப்பு சாயம் ஏற்றும்போது உதவும். ஏற்றிய பிறகு நிறுத்திவைக்காது, வினிகரும் காட்டனில் அப்படித்தான். பச்சைத் தண்ணீரில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அப்படியும் விட்டுக்கொண்டே இருந்தால் வெள்ளையோடு சேர்த்துப் போடாதீர்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம். துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்து அளவுக்கு இழுத்துவிட்டுக் காயவையுங்கள்.

முன்னால் திறந்து பட்டன் வைத்தால்? (கொழும்பு)

அதே 110 செயின்தான், முன்பக்கத்து 36-ஐ இரண்டாகப் பிரித்து 18, 2, 15, 2, 36, 2, 15, 2, 18 என்று வரும். சுற்றாக இணைக்காமல் போய்ப் போய்த் திரும்புங்கள். ஒரு இன்ச் பட்டி வைப்பதாக இருந்தால் இரு முனையிலும் 18-க்குப் பதில் 16 போதும், பட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அந்த அகலம் ஈடாகிவிடும். பட்டிக்கு ஓரத்தில் டபுள் வரி ஒன்றுக்கு 2 சிங்கிள் எடுங்கள். 3 எடுத்தால் ஓரம் அலையலையாக நிற்கும், 1 எடுத்தால் சுருக்கிப் பிடிக்கும். பட்டன் துளைக்கு 2 செயின் போட்டு இரண்டு கண்ணியைத் தாண்டுங்கள். பட்டனை முன்கூட்டியே வாங்காதீர்கள். பட்டி முடிந்ததும் ஸ்வெட்டரையே கடைக்குக் கொண்டுபோய், துளையில் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.