மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் என் 16 வயதுத் தம்பி கஞ்சாவும் பாவிக்கிறான். முதலில் எதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்?

இரண்டுக்கும் சேர்த்துத்தான். 2019இல் இதே கேள்வியோடு நானும் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் அலைந்திருக்கிறேன். ஓரிடத்தில், "கஞ்சாவை விட்டிட்டு வாங்கோ, பிறகு மனசுக்குப் பாப்பம்" என்றார்கள். போதைக்கு ஆலோசனை சொல்கிற இடத்தில், "இவருக்கு மனநோய், அதை முதல்ல காட்டுங்கோ". இப்படியே ஏழு மாதம் போனது.

தம்பி பிறந்தது 2004. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்தபோது அவனுக்கு ஐந்து வயது. பிறகு மெனிக்பாம் முகாம். "சின்னப்பிள்ளைதானே, மறந்திடுவான்" என்று எல்லாரும் சொன்னோம். பன்னிரண்டு வயது வரைக்கும் லைட்டை நிப்பாட்டினால் அவன் படுக்கமாட்டான். அதையும் செல்லம் என்றுதான் நினைத்தோம்.

பத்தாம் ஆண்டில் முதலில் மாவா. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சரையை அவனுடைய கொம்பாஸ் பெட்டிக்குள், பாகைமானிக்குக் கீழே கண்டேன். (21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது.) பிறகு கஞ்சா. சித்தப்பா பூவரசங்கம்பால் அடித்தார், அம்மா கோயிலில் நூல் கட்டுவித்தா. நூலால் ஒரு கெடுதலும் வரவில்லை. அடி விழுந்த அன்று வீட்டை விட்டுப் போனவன் இரண்டு நாள் மாங்குளத்தில் ஒரு கூட்டாளி வீட்டில் நின்றான்.

கடைசியாக ஒரு டொக்டர், அம்மாவை வெளியே இருத்திவிட்டு அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "எத்தினை மணிக்குத் தம்பி பத்துறனீர்?"

"பத்து மணிக்கு. படுக்க முன்னம்."

"பத்தாட்டி?"

"பங்கருக்குள்ள நிப்பன் மிஸ்."

எங்கள் வீட்டில் ஏன் பத்துகிறாய் என்று நூறு தரம் கேட்டிருப்போம். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. நித்திரைக்குத்தான் அவன் அதைத் தேடியிருக்கிறான்.

இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் கஞ்சா எடுத்தவர் நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை நித்திரை குழம்பும், அடக்கி வைத்திருந்த கனவுகள் முன்னையதை விட மோசமாக வரும், எரிச்சலும் சாப்பாட்டு வெறுப்பும் வரும். தம்பி இரண்டு தரம் தானாகவே விட்டுப்பார்த்து, அந்தக் கனவுக்குப் பயந்து திரும்பவும் தொடங்கியிருக்கிறான். எங்களுக்கு அது ரோசம் கெட்ட வேலையாகத் தெரிந்தது. மூன்றாம் தரம், இப்படி வரும், வந்து போய்விடும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லி, கனவுக்கும் பயத்துக்கும் சேர்த்தே வைத்தியம் தொடங்கினார். அப்போதும் ஒரேயடியாக விடவில்லை, இடையில் நாலைந்து தரம் சறுக்கினான்.

மருந்து தருகிறவரிடம் கஞ்சாவை ஒளிக்காதீர்கள். பொலிசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் தெரியாமல் மருந்தைக் கூட்டினால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், அப்படியான பிள்ளைக்குச் சிறுவயதுக் கஞ்சா இன்னும் கூடாது. ஐஸ் (மெத்தம்பெற்றமின் என்ற போதைப்பொருள்) பாவிக்கிறான் என்று சந்தேகம் வந்து, நாள்கணக்கில் படுக்காமல், "ஆரோ என்னைப் பின்தொடருகினம்" என்று சொல்கிறானா, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாள்தோறும் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடிக்கிற பிள்ளையை வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். கதைக்க ஆள் வேண்டுமென்றால் இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926, போதைக்கென்று 1927.

தம்பி இப்போது ஒரு கராச்சில் வேலை. வைகாசி வருமுன்னமே கிளினிக் திகதி எடுத்து வைத்துவிடுவோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்களோடு வருவான், சனத்துக்குள் வரமாட்டான். தண்ணீர்ப்பந்தலடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்பான்.