மாதிரிப் படத்தை நம்பி லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: வடுவூர் ஏரிப் பறவைகளைப் படமெடுக்க, பயன்படுத்திய 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். விற்பவர் அனுப்பிய மாதிரிப் படங்கள் கைப்பேசியில் பளிச்சென்று இருக்கின்றன. அவற்றை நம்பலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கைப்பேசித் திரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். படத்தின் அளவு சுருங்கும்போது லென்ஸின் குறைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மூலக் கோப்பை, முடிந்தால் கேமரா எந்தத் திருத்தமும் செய்யாத ரா வடிவிலேயே, கேட்டு வாங்கிக் கணினியில் நூறு சதவீத அளவில் பாருங்கள். ஜேபெக் கோப்பில் கேமராவே கூர்மையைக் கூட்டி, விளிம்புகளில் கசியும் நிறப்பிசிறையும் திருத்தியிருக்கக்கூடும்.

இவ்வகை ஜூம்கள் பெரும்பாலும் தளர்வது தொலைவிலுள்ளதை மிகப் பெரிதாகக் காட்டும் 600 மி.மீ. முனையில், ஒளி புகும் துளை முழுதாகத் திறந்த நிலையில்தான். 200 மி.மீ.யில் எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் உங்களுக்கு அதனால் பயனில்லை. பறவைக்கு அந்தக் கடைசி முனைதானே வேண்டும்! நாரையின் கழுத்து இறகுகள் தனித்தனியே பிரிந்து தெரிகின்றனவா, வெளிர்வானத்தின் முன் நிற்கும் கருவேலங்கிளையின் விளிம்பில் ஊதாக் கோடு படர்கிறதா என்று கவனியுங்கள்.

ஆயினும், மங்கலுக்கெல்லாம் லென்ஸே காரணமன்று. கோப்பில் பதிவான ஷட்டர் வேகம் 1/200 நொடி என்று மெதுவாக இருந்தால், கை அதிர்வோ பறவையின் அசைவோ படத்தைக் கெடுத்திருக்கலாம். நண்பகலில் வயல்வெளியின் மேல் அலையும் கானலோ விலையுயர்ந்த லென்ஸையும் தோற்கடித்துவிடும்.

பறவைப் படத்தில் மூலைகளின் தரம் தெரியாது. ஆகவே, முக்காலியில் கேமராவைப் பொருத்தி, செங்கல் சுவர் ஒன்றை நேருக்கு நேராக எடுத்தனுப்பச் சொல்லுங்கள். வலப்பக்கம் தெளிவாகவும் இடப்பக்கம் மங்கலாகவும் இருந்தால், உள்ளிருக்கும் கண்ணாடி நிலை விலகியிருக்க வாய்ப்புண்டு. விலையைக் குறைத்தாலும் அதை வாங்க வேண்டாம்.