அப்பாவின் இறப்பை எழுத உட்கார்ந்தால் எல்லாம் புலம்பலாகவே முடிகிறது. எப்படி எழுதுவது?

உங்களுக்கு 22 வயது, அப்பா போய் ஏழு மாதம், அதையும் அதன் பிறகான தனிமையையும் சிறுகதையாக்கப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் புறநானூறு 112-ஐ ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். தந்தை பாரியையும் பறம்பு மலையையும் இழந்த பெண்களின் பாட்டு. ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது எழுதுகிறவராகப் படியுங்கள். துறை கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து வருந்தும் பாட்டு, ஆனால் அழுகை, கண்ணீர், துயரம் என்று ஒரு சொல்கூட உள்ளே கிடையாது. நிலா அதே நிலா. அற்றை என்பது இற்றை ஆகிறது, அவ்வெண் என்பது இவ்வெண் ஆகிறது. 'அ' போய் 'இ' வருகிறது, அந்த ஓரெழுத்துக்குள் வாழ்க்கை முழுக்க இடிந்துவிடுகிறது. வரிசையையும் பாருங்கள். இரண்டாம் அடியில் தந்தை முன்னால், குன்று பின்னால். கடைசியில் அது திரும்புகிறது: குன்று போனதைச் சொல்லிவிட்டுத்தான் தந்தையிடம் வருகிறார்கள், 'இலமே' என்றதும் பாட்டு நின்றுவிடுகிறது. பாரி எப்படி இறந்தான் என்று சொல்லவே இல்லை. நிலவின் வெண்மையை விட்டால் அடைமொழி என்று இருப்பது 'வென்றெறி முரசின்' (வென்று முழக்கும் முரசையுடைய) மட்டும்தான். அதையும் பகைவேந்தருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை முறை இது: மாறாமல் இருக்கும் ஒரு பொருளைப் பிடியுங்கள், அதற்கு இரண்டு நாள் கொடுங்கள், ஒன்று அன்று, ஒன்று இன்று.

பொருளைத் தேட ஒரு நோட்டில் வீட்டிலுள்ள சாமான்கள் இருபதை எழுதுங்கள். மூக்குக்கண்ணாடி, போட்டோ, செருப்பு மூன்றையும் சேர்க்காதீர்கள். எல்லோர் கைக்கும் முதலில் வருவது அவைதான். பதினைந்தாவதைத் தாண்டும்போதுதான் உங்களுடையது வரும். இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளாகப் பார்த்து எடுத்தால் நல்லது. சிலிண்டர் புக் செய்தால் ஓடிபி இப்போதும் அப்பா நம்பருக்கே வருகிறது. அந்த போனை யாரோ ஒருவர் சார்ஜ் போட்டு வைத்தாக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் எடுக்க இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. இவை போதும், ஒரு கதை நடந்துவிடும்.

எழுதி முடித்ததும் வலி, வெறுமை, இருள், மௌனம், நினைவுகள், கண்ணீர் ஆகிய சொற்களைச் சிவப்பில் சுழியுங்கள். முதல் பிரதியில் இருபது முப்பது வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். "அப்பா இல்லாத வீடு வெறிச்சோடிக் கிடந்தது" என்பதைப் படிப்பவர் தலையசைத்துவிட்டுத் தாண்டிப் போவார். "மூன்று டம்ளர் அளந்தவள், ஒன்றை மறுபடி அரிசி டின்னிலேயே கொட்டினாள்" என்றால் அங்கே நிற்பார். புலம்பல் எப்படி வருகிறது என்றால், வாசகர் அழ வேண்டிய இடத்தில் பாத்திரமே முந்திக்கொண்டு அழுதுவிடுகிறது. ஒப்பாரியில் அது செல்லும். அங்கே ராகம் இருக்கிறது, கட்டிக்கொண்டு அழ பக்கத்தில் ஆள் இருக்கிறது. தாளில் இரண்டும் இல்லை.

தனிமைக்கு வேறு கணக்கு. பூட்டிய அறையில் ஒருத்தியை உட்கார வைத்தால் தனிமை தெரியாது, பக்கத்தில் ஆட்கள் வேண்டும். குறுந்தொகை 28-இல் ஔவையார் முட்டுவேனா, தாக்குவேனா, கூவுவேனா என்று தவித்துவிட்டு, கடைசியில் காட்டுவது என் நோய் அறியாமல் தூங்கும் ஊரை. அந்த ஊர் இல்லாவிட்டால் பாட்டு இல்லை. உங்கள் கதையிலும் மாடி வீட்டில் சீரியல் ஓடட்டும், தெருவில் யாராவது பைக்கைக் கழுவட்டும்.

உவமை வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, அதைக் கடைசிவரை கொண்டுபோங்கள். குறுந்தொகை 58-இல் காதல் நோய்க்கு வெள்ளிவீதியார் வைப்பது இது: வெயில் காயும் பாறையில் வெண்ணெய், காவலுக்குக் கையில்லாத ஊமை. உருகுவதைப் பார்க்கலாம், எடுக்க முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. உவமையின் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே வேலை இருக்கிறது. 'கடல் போன்ற சோகம்' என்பதில் கடலுக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்தப் பாட்டில் பேசுவது தலைவன், எழுதியது பெண். இளம் பெண்கள் எழுதும்போது "இது உன் கதைதானே, அம்மா நிஜமாகவே அப்படிச் சொன்னாளா?" என்று வீட்டில் கேள்வி வரும், அந்தப் பயத்திலேயே கோபம், பணத் தகராறு, மருத்துவமனையில் முகம் சுளித்த சித்தப்பா எல்லாம் கதையிலிருந்து கழன்றுவிடும். எல்லோரும் நல்லவர்களாகிவிட்ட துக்கக் கதையில் உயிர் இருக்காது. காதலைப் பாடும் அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மகளை மகனாக்குங்கள், ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள். சிலிண்டர் ஓடிபியை மட்டும் மாற்றாதீர்கள்.

குறிப்பு எடுப்பதை இப்போதே செய்யுங்கள், எந்தப் பாத்திரத்தில் யார் காபி கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் சீக்கிரம் மறந்துபோகும். கதையாகக் கட்டுவதற்கு அவசரம் வேண்டாம். ஒரு நேரத்துக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் போகாதீர்கள். எழுதிய இரவுகளில் தொடர்ந்து தூக்கம் கெட்டால் நோட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். கதை காத்திருக்கும்.

முடிந்த பிரதியைப் பத்து நாள் கழித்து எடுத்து, கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். அது இல்லாமலே கதை நின்றால், அடித்துவிடுங்கள்.