கேமரா முன் நிற்கும் பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. விளையாட்டாகத் தொடங்கிய அவளுடைய யூடியூப் சேனல் நன்றாக வளர்ந்து, இப்போது வருமானமும் வருகிறது. கொஞ்ச நாளாக நான் கேமராவை எடுத்தாலே ஓடி ஒளிந்துகொள்கிறாள். 'பிடிவாதம், போகப்போகச் சரியாகிவிடும்' என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆறு வயதுக் குழந்தை 'எனக்கு இது வேண்டாம்' என்பதை ஓடி ஒளிந்துதான் சொல்லும்.

நான் பல வருடம் குடும்ப சேனல்களுக்கு எடிட்டராக வேலை பார்த்தவள். வெட்டாத ஃபுட்டேஜ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். பரிசுப் பெட்டியைப் பிரிக்கும் காட்சி ஒன்று. குழந்தை பெட்டியைத் திறக்கிறது, உள்ளே இருக்கும் பொம்மையின் முடியை ஒரு விரலால் மெல்லத் தடவுகிறது. அவ்வளவுதான், சத்தமே இல்லை. 'இப்படி இல்லடா, வாவ்னு கத்தணும்' என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பெட்டியைத் திரும்ப ஒட்டிக் கொடுக்கிறார்கள். இந்தத் தடவை 'வாவ்' என்று கத்திவிட்டு, குழந்தை பொம்மையைப் பார்க்கவில்லை. சரியாகச் செய்தோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பார்வையை வெட்டி எடுப்பதுதான் என் வேலை. பார்வையாளர்கள் கண்டது 'வாவ்' மட்டும்.

புதிதாக ஒன்று எதிரே வந்தால், அது சந்தோஷப்பட வேண்டியதா பயப்பட வேண்டியதா என்பதைச் சின்னக் குழந்தைகள் பெற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த முகம் ரீடேக் கேட்கும் முகமாகிவிட்டால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

வருமானத்துக்கு வருவோம். உங்கள் மகள் செய்வது வேலை, அதை வேலை என்றே சொல்லுங்கள். 1921இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்த பிறகுதான், தான் சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றுத் தந்தையும் செலவழித்துவிட்டதை அறிந்தார். வழக்குக்குப் போனார். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை அவர்களுக்கென்று ஒதுக்கிவைக்கும் சட்டம் வந்தது. வீட்டிலேயே எடுக்கும் வீடியோக்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு வர எத்தனை காலம் ஆனது பாருங்கள்: பிரான்சில் 2020, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை. பிரான்சின் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. தன் வீடியோவை நீக்கச் சொல்லி, அதை வெளியிட்ட தளத்திடம் குழந்தையே கேட்கலாம், பெற்றோர் சம்மதம் தேவையில்லை.

இன்றைக்கே படப்பிடிப்பை நிறுத்துங்கள். குளிப்பது, அழுவது, காய்ச்சலில் படுத்திருப்பது, பள்ளிச் சீருடை தெரிவது, இந்த வீடியோக்களை முதலில் 'பிரைவேட்'டில் போடுங்கள். சிறுவர்கள் தோன்றும் பெரும்பாலான வீடியோக்களில் யூடியூப் 2019இல் கமென்ட் பகுதியையே மூடியது. குழந்தைகளைத் தப்பான கண்ணோடு பார்ப்பவர்கள் அங்கே கூடியதுதான் காரணம். இதுவரை வந்த பணத்தில் அவளுக்குரியதை அவள் பெயரில் போட்டு வையுங்கள். பிறகு ஒரு நாள் அவளாகவே வந்து கேட்டால் எடுக்கலாம். அன்றைக்கும் நடுவில் 'போதும்' என்றாள் என்றால் கேமரா அணைய வேண்டும், ஸ்பான்சர் வீடியோவாக இருந்தாலும்.

கேள்வி: பத்து வயது மகன், பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்கித் தரச் சொல்கிறான். வகுப்பில் எல்லோரும் அப்படித்தானாம்.
– ஒரு தந்தை

பதில்: செய்யாதீர்கள். இன்று பத்து வயதுப் பையனைப் பதின்மூன்று என்று போட்டால், அவனுக்குப் பதினைந்து ஆகும்போது அந்தத் தளத்தின் கணக்கில் பதினெட்டு முடிந்திருக்கும். பெரியவர்களுக்கான விளம்பரங்களும் முன்பின் தெரியாதவர்களின் செய்திகளும் தடையில்லாமல் வரத் தொடங்கும். இன்னொன்று. கணக்கு தொடங்கத் தளங்கள் வைத்திருக்கும் பதின்மூன்று வயது என்ற எல்லை, பிள்ளைகளின் தகவல்களைச் சேகரிப்பது பற்றிய 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. பிள்ளையின் மனப்பக்குவத்தை அளந்து வைத்த எண் அல்ல. பதின்மூன்றாவது பிறந்தநாளன்றும் 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: எனக்கு 23 வயது. வீடியோ போடுவதுதான் முழுநேர வேலை. சில மாதங்களாக வியூஸ் சரிந்துவிட்டது. நடுராத்திரி எழுந்து போனைப் பார்க்கிறேன். என் திறமை தீர்ந்துவிட்டதா அக்கா?
– ஓர் இளைஞர்

பதில்: இல்லை தம்பி. நீங்கள் நடுராத்திரி பார்ப்பது எது என்று எனக்குத் தெரியும். வீடியோ போடுகிறவர்கள் தங்கள் வியூஸ் கணக்கைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்ததும், கடைசிப் பத்து வீடியோக்களில் புதியது எத்தனையாவது இடம் என்று காட்டுமே, அதுதான். ஒன்று என்றால் நிம்மதி, பத்து என்றால் தூக்கம் போச்சு. யோசித்துப் பாருங்கள், பத்தில் ஏதாவது ஒன்று பத்தாவதாக இருந்தே தீரும். எல்லாமே நல்ல வீடியோக்களாக இருந்தாலும் அப்படித்தான்.

பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் மனம் விடாமல் பொத்தானை அழுத்தும். உளவியலாளர் ஸ்கின்னர் இதைப் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். முடிவே இல்லாமல் ரீல்ஸ் தள்ளும் சிறுவனைப் பிடித்து வைத்திருப்பதும் உங்களை எழுப்புவதும் இதே பிடிதான். எடிட்டிங் நாட்களில், எந்த நொடியில் ஆட்கள் வெளியேறுகிறார்கள் என்று காட்டும் கோடு வைத்துத்தான் எங்களுக்கு உத்தரவு வரும். ஒருவர் அழுத இடத்தில் கோடு உயர்ந்தால், அடுத்த வாரமும் அழுகை கேட்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓடி, தனக்கே பிடிக்காத ஆளாக மாறிப்போனவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அப்படி ஆகக் கூடாது.

வீடியோ போட்ட பிறகு இரண்டு நாள் ஸ்டுடியோ பக்கமே போகாதீர்கள். போன் வேறு அறையில் தூங்கட்டும். எடிட்டிங், வாய்ஸ் ஓவர், கற்றுக்கொடுப்பது என்று எந்த வீடியோ யாருக்குத் தெரிய வேண்டும் என்று தளத்தில் முடிவெடுக்கும் அல்காரிதத்தைச் சாராத வருமானம் ஒன்றை இப்போதே தேடுங்கள். அப்புறமும் வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவைப் போல எல்லா நாடும் பிள்ளைகள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– பேரன் பேத்தி எடுத்த ஒரு வாசகர்

பதில்: ஐயா, 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முக்கியத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். சுமையைச் சரியான தோளில் வைத்திருக்கிறார்கள், அதற்காகவே நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் பிள்ளை தானே கணக்கு வைத்திருப்பதைப் பற்றியது. அம்மாவின் கணக்கில் தினமும் தோன்றும் குழந்தை அதற்குள் வரவில்லை. முதல் கேள்வி கேட்ட தாயின் மகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் வீட்டில் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பேத்தியின் படத்தைக் குடும்பக் குரூப்பில் போடுவதற்கு முன்னால் அவளிடம் காட்டி, 'அனுப்பட்டுமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், யார் ஆசையாகக் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.